பாறைக்குப் பிடித்தது எண்ணெயா, தண்ணீரா? நானோ எமல்ஷன் செய்யும் வேலை

ஓர் எண்ணெய் வயலை இனி லாபமில்லை என்று மூடும்போது, அதில் இருந்த கச்சா எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இன்னும் பூமிக்கடியிலேயே இருக்கும். சரியாக நடத்தப்படாத வயல்களில் மட்டும் இப்படி நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். உலக சராசரியே கிட்டத்தட்ட இதுதான். கிணறு தோண்டியாயிற்று, பம்பு வைத்தாயிற்று, அழுத்தம் குறைந்ததும் பக்கத்துக் கிணறுகள் வழியாகத் தண்ணீரைச் செலுத்தித் தள்ளியும் பார்த்தாயிற்று. அத்தனைக்கும் பிறகு இவ்வளவு மிச்சம்.

ஏன் வர மறுக்கிறது என்று கேட்டால், அழுத்தம் போதவில்லை என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். அது ஓரளவுக்குத்தான் சரி. எண்ணெய் சிக்கிக்கொள்வதில் பாறையின் மேற்பரப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது. தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு திரவங்களில் பாறை எதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைப் பொறுத்தது அது. அந்தப் பிடிப்பை மாற்றிவிட்டால், நாம் வெளியிலிருந்து தள்ளிச் செய்ய முடியாத வேலையைப் பாறையே செய்துவிடும். மாற்றுவதற்கான வழிகளில் ஒன்றுதான் நானோ எமல்ஷன், அதாவது தண்ணீரில் மிக நுண்ணிய எண்ணெய்த் துளிகள் மிதக்கும் கலவை. வேதியியல் பின்புலம் இல்லாதவர்களுக்கும் புரியும்படி அடியிலிருந்து பார்ப்போம்.

பாறைக்குள் எண்ணெய் எப்படி இருக்கிறது

பூமிக்கடியில் எண்ணெய் பெரிய குளமாகத் தேங்கி நிற்கிறது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். அது பாறையின் நுண்துளைகளுக்குள் இருக்கிறது. மணற்பாறையை எடுத்துக்கொண்டால், மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியிருக்கும். அவற்றுக்கு நடுவே விட்டுப்போன இடைவெளிகளில்தான் எண்ணெய், தண்ணீர், வாயு எல்லாம். ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போகும் வழி மிகக் குறுகலானது. அதைத் துளைக் கழுத்து என்போம். நல்ல மணற்பாறையில் இந்தக் கழுத்துகளின் அகலம் சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இறுக்கமான மணற்பாறைகளில் கழுத்து ஒரு மைக்ரோமீட்டருக்கும் கீழே போய்விடும். ஷேல் எனப்படும் களிப்பாறையிலோ பெரும்பாலும் 100 நானோமீட்டரைக் கூடத் தொடாது. நானோமீட்டர் என்பது மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இவ்வளவு சிறிய வழிகளில் ஈர்ப்பு விசையோ பம்பின் அழுத்தமோ முழுமையாக ஆட்சி செய்வதில்லை. மேற்பரப்பு விசைகள்தான் அங்கே பெரியவை.

நனைதிறன்

தாமரை இலையில் விழுந்த தண்ணீர் முத்தாகத் திரண்டு உருளுகிறது. அதே தண்ணீர் சுத்தமான கண்ணாடியில் விழுந்தால் பரவி ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஒன்றுதான், மாறியது மேற்பரப்பு. ஒரு திரவம் ஒரு திண்மத்தின் மேல் எவ்வளவு விரும்பிப் பரவுகிறது என்பதைத்தான் நனைதிறன் என்கிறோம். துளியின் விளிம்பு மேற்பரப்பைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணத்தை வைத்து அதை அளக்கலாம். பள்ளி இயற்பியலில் வரும் அதே சேர்கோணம்தான். இந்தக் கோணத்துக்கும் மேற்பரப்பு விசைகளுக்கும் உள்ள தொடர்பை 1805-இல் தாமஸ் யங் எடுத்துச் சொன்னார். இருநூறு வருடம் கழித்தும் எண்ணெய்ப் பொறியாளர்கள் அதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

பாறைக்குள் ஒரு திரவமும் காற்றும் மட்டும் இருந்தால் விஷயம் எளிது. அங்கே இருப்பதோ எண்ணெயும் உப்புத் தண்ணீரும். இரண்டும் ஒரே சுவருக்குப் போட்டி போடுகின்றன. கோணத்தைத் தண்ணீரின் பக்கத்திலிருந்து அளப்பது வழக்கம். 90 டிகிரிக்கு நன்றாகக் கீழே இருந்தால் பாறை தண்ணீரை விரும்புகிறது. நன்றாக மேலே போனால் எண்ணெயை விரும்புகிறது. 90-ஐ ஒட்டி இருந்தால் இரண்டிலும் பெரிய பற்றில்லை.

சரி, பாறை பிறக்கும்போதே எண்ணெய் விரும்பியா? இல்லை. எண்ணெய் தேங்கும் பெரும்பாலான பாறைகள் கடலடியிலோ ஆற்றுப் படுகையிலோ படிந்தவை. அவற்றின் துளைகளில் முதலில் இருந்தது தண்ணீர்தான். எண்ணெய் பிற்பாடு வேறெங்கோ உருவாகி, மெல்ல நகர்ந்து வந்து அந்தத் தண்ணீரை ஒதுக்கிவிட்டு இடம்பிடித்தது. அப்போதும் பாறைச் சுவரில் மெல்லிய தண்ணீர்ப் படலம் ஒன்று மிஞ்சியிருக்கும். கச்சா எண்ணெயில் வெறும் ஹைட்ரோகார்பன்கள் மட்டும் இல்லை. கரிம அமிலங்கள், ரெசின்கள், அஸ்ஃபால்டீன் என்ற கனமான கரிய மூலக்கூறுகள் எல்லாம் உண்டு. இவற்றின் ஒரு முனை மின்னேற்றத்தை நாடும். காலப்போக்கில் தண்ணீர்ப் படலம் அங்கங்கே கிழிய, இவை சுவரில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய முனை பாறையைப் பிடிக்க, நீண்ட கொழுப்பு வால் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான், அந்தச் சுவர் இனி எண்ணெயின் பக்கம்.

இது எல்லாப் பாறையிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. மணற்பாறையின் பெரும்பகுதியான குவார்ட்ஸ், சாதாரண நிலத்தடி நீரில் எதிர்மின் சுமை கொண்டது. எண்ணெயில் உள்ள அமிலங்களும் எதிர்மின் சுமை உடையவை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் மேற்பரப்போ வயலின் சூழலில் பெரும்பாலும் நேர்மின் சுமையோடு இருக்கும்; அமிலங்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்புக்கல், டோலமைட் போன்ற கார்பனேட் பாறைகளில் எண்ணெய் விரும்பிகள் அதிகம் என்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். உலகின் வழக்கமான எண்ணெய் இருப்பில் பாதிக்கு மேல் இத்தகைய கார்பனேட் பாறைகளில் இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று தெரியும்.

கோணம் மாறினால் விசையின் திசை மாறும்

என்னைக் கேட்டால், இந்த விஷயத்தின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

மெல்லிய குழாயில் இரண்டு திரவங்கள் சந்திக்கும்போது, எல்லைப் பரப்பு வளைந்து நிற்கும். அந்த வளைவு ஓர் அழுத்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. அதுதான் நுண்புழை அழுத்தம். கணக்கு எளியது: திரவங்களுக்கு இடையிலான பரப்பு இழுவிசையின் இரண்டு மடங்கைச் சேர்கோணத்தின் கோசைனால் பெருக்கி, குழாயின் ஆரத்தால் வகுக்க வேண்டும். கச்சா எண்ணெய்க்கும் உப்பு நீருக்கும் இடையே இந்த இழுவிசை மீட்டருக்குச் சுமார் 30 மில்லிநியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். குழாயின் ஆரம் ஒரு மைக்ரோமீட்டர். தண்ணீர் சுவரில் முழுமையாகப் பரவுகிறது, அதாவது கோணம் பூஜ்யம். கிடைப்பது 60,000 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்குச் சற்று மேலே. ஆரம் 10 நானோமீட்டராகச் சுருங்கினால் அதுவே நூறு மடங்காகி 60 வளிமண்டலத்தை ஒட்டி வந்துவிடும்.

இதில் கோசைனைக் கவனியுங்கள். கோணம் 90-க்குக் கீழே இருந்தால் அது நேர்மதிப்பு. 90-ஐத் தாண்டினால் எதிர்மதிப்பு. அப்படியென்றால், தண்ணீர் விரும்பும் பாறை இந்த அழுத்தத்தைக் கொண்டு தண்ணீரைத் தானாகவே உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், எண்ணெய் வேறு வழியின்றி வெளியே வரும். எண்ணெய் விரும்பும் பாறையிலோ அதே அழுத்தம் எதிர்த் திசையில் நின்று தண்ணீர் நுழைய விடாமல் தடுக்கும். விரிசல்கள் நிறைந்த கார்பனேட் வயல்களில் இந்தத் தடை மிகவும் வலிக்கிறது. செலுத்திய தண்ணீர் சுலபமான பாதையான விரிசல் வழியே ஓடி, அடுத்த கிணற்றில் தண்ணீராகவே வெளியே வந்துவிடும். விரிசலுக்கு இரு பக்கமும் இருக்கும் பாறைக் கட்டிகளுக்குள் எண்ணெய் அப்படியே உட்கார்ந்திருக்கும். அங்கே எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பயனில்லை, தள்ளுவது எல்லாம் விரிசலுக்குள்தான் போகும். கட்டி தானாகத் தண்ணீரைக் குடித்தால்தான் எண்ணெய் வெளியே வரும்.

இது வெறும் கோட்பாடு இல்லை என்பதற்கு வட கடலில் நார்வேயின் எகோஃபிஸ்க் வயல் நல்ல சாட்சி. 1969-இல் கண்டுபிடிக்கப்பட்ட இந்த வயலின் பாறை மென்மையான சுண்ணக்கல், வெப்பநிலை 130 டிகிரி செல்சியஸ் அளவில். 1987-இல் பெரிய அளவில் கடல் நீரைச் செலுத்தத் தொடங்கினார்கள். விளைவு எதிர்பார்ப்பைவிடச் சிறப்பாக இருந்தது. பின்னாளில் ஸ்டாவங்கர் பல்கலைக்கழகத்தின் டோர் ஆஸ்டாட் குழுவினர் ஆய்வகத்தில் செய்த வேலை ஒரு விளக்கம் தந்தது: கடல் நீரில் உள்ள சல்ஃபேட், கால்சியம், மக்னீசிய அயனிகள் அந்தச் சூட்டில் சுவரில் ஒட்டிய அமிலங்களைப் பெயர்த்து, பாறையைத் தண்ணீர் விரும்பியாக நகர்த்துகின்றன. அங்கே நானோ எமல்ஷன் எதுவும் இல்லை. ஆனாலும் பாறையின் விருப்பம் மாறக்கூடியது, அதை மாற்ற மிகச் சாதாரணப் பொருளே போதலாம் என்பதை அந்த வயல் காட்டிவிட்டது.

இங்கே புதியவர்கள் அடிக்கடி குழம்பும் ஓர் இடம் உண்டு. சோப்பு போன்ற சர்ஃபாக்டன்ட்டைப் போட்டால் எண்ணெய்–தண்ணீர் இழுவிசை குறையும், எண்ணெய் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்று நினைப்பார்கள். அதுவும் ஒரு வழிதான். ஆனால் அந்த வழியில் இழுவிசையை 30-லிருந்து 0.01 என்ற அளவுக்கு, ஆயிரக்கணக்கான மடங்கு குறைக்க வேண்டும். குறைத்தபின் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். இழுவிசை அந்தக் கணக்கில் நேரடியாகப் பெருக்கப்படுகிறது. அது காணாமல் போனால், பாறை தண்ணீரை உறிஞ்சும் விசையும் சேர்ந்து காணாமல் போகும். ஆக, பாறையே உறிஞ்சிக்கொள்ள வேண்டும் என்றால் கோணத்தைப் புரட்ட வேண்டும், ஆனால் இழுவிசையை ஒரேயடியாகக் கொன்றுவிடக் கூடாது. ஒரு விளம்பரத் தாளில் “இழுவிசையை இத்தனை மடங்கு குறைக்கிறது” என்று மட்டும் போட்டிருந்தால், அது நமக்கு வேண்டிய தகவலில் பாதிதான்.

இன்னொரு நுட்பமும் உண்டு. பாறையை முழுக்க முழுக்கத் தண்ணீர் விரும்பியாக்குவது எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. அதிகத் தண்ணீர்ப் பற்று உள்ள பாறையில் சுவர் வழியே தண்ணீர் வேகமாகச் சுற்றி வந்து, துளைக் கழுத்தில் எண்ணெய் இழையை அறுத்துவிடும். அறுந்த எண்ணெய்த் துளி நடுவில் சிறைப்படும். 1973-இல் சலாத்தியேல் என்ற ஆய்வாளர், பெரிய துளைகளில் எண்ணெய்ப் பற்றும் சிறிய துளைகளில் தண்ணீர்ப் பற்றும் கலந்திருந்தால் எஞ்சும் எண்ணெய் மிகக் குறைவாக இருக்கலாம் என்று காட்டினார். அப்படியானால் எந்தப் பாறைக்கு எவ்வளவு தூரம் மாற்றுவது என்பது ஒவ்வொரு வயலுக்கும் தனித்தனியாகப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு.

நானோ எமல்ஷன் என்றால் என்ன

எண்ணெயும் தண்ணீரும் சேராது. ஆனால் ஒன்றை மிகச் சிறிய துளிகளாக உடைத்து மற்றொன்றில் மிதக்க விட்டு, துளிகள் மறுபடி கூடாதபடி சர்ஃபாக்டன்ட் ஒன்றைக் காவலுக்கு வைத்தால், கலவை நிலைத்து நிற்கும். இதைப் பால்மம் அல்லது எமல்ஷன் என்கிறோம். பாலே ஒரு எமல்ஷன்தான். கறந்த பாலில் கொழுப்புத் துளிகள் சில மைக்ரோமீட்டர் பருமன். ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் பால் வெள்ளையாகத் தெரிகிறது. துளியின் விட்டத்தை 20 முதல் 200 நானோமீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் அது நானோ எமல்ஷன். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். துளி அதைவிட மிகச் சிறியது என்பதால் கலவை பால்போல் வெளுக்காமல் கிட்டத்தட்டத் தெளிவாகவோ, இலேசான நீலச் சாயலோடோ இருக்கும். ஆய்வகத்தில் கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முதல் அடையாளம் அந்த நீலம்தான்.

இதன் நெருங்கிய உறவு மைக்ரோ எமல்ஷன். பெயரைப் பார்த்து அதன் துளிகள் பெரியவை என்று எண்ணிவிட வேண்டாம், அவை நானோ எமல்ஷன் துளிகளுக்குச் சமமாகவோ சிறியதாகவோகூட இருக்கும். வித்தியாசம் நிலைப்பில். மைக்ரோ எமல்ஷன் ஆற்றல் கணக்கின்படியே நிலையானது. தானாக உருவாகும், பிரியாது. ஆனால் அதற்கு நிறைய சர்ஃபாக்டன்ட் வேண்டும், பல நேரங்களில் 20 சதவீதம்கூட. நானோ எமல்ஷன் உண்மையில் பிரிய விரும்பும் கலவை, ஆனால் பிரிவதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். 3 முதல் 10 சதவீத சர்ஃபாக்டன்ட்டிலேயே வேலை முடிந்துவிடும். செலவு பார்க்கும் வயலில் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

துளி சிறுத்தால் என்ன கிடைக்கிறது? ஒரு லிட்டர் எண்ணெயை 10 மைக்ரோமீட்டர் துளிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர். அதையே 100 நானோமீட்டர் துளிகளாக உடைத்தால் 60,000 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 15 ஏக்கர். பாறையோடு உரையாடப் போவது இந்தப் பரப்புதான். மேலும், இவ்வளவு சிறிய துளிகளைச் சுற்றியுள்ள மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் மோதி உலுக்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பிரௌனியன் இயக்கத்தால் துளிகள் மேலே மிதந்து ஆடை கட்டுவதில்லை.

அளவு பொருந்துவது இதைவிட முக்கியம். துளைக் கழுத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய துகள் வாசலிலேயே பாலம் கட்டி அடைத்துவிடும், ஏழில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் சுலபமாகக் கடந்துவிடும், நடுவில் உள்ளவை உள்ளே போய்ச் சிக்கும் என்று களத்தில் ஒரு தோராய விதி உண்டு. திண்மத் துகளுக்குச் சொன்ன விதி இது. திரவத் துளி வளைந்து கொடுக்கும் அல்லவா என்று கேட்கலாம். சிறிய துளி அவ்வளவு வளையாது. துளியின் உள்ளழுத்தம் அதன் ஆரத்துக்கு எதிர்விகிதத்தில் ஏறுகிறது. 100 நானோமீட்டர் துளிக்குள், இழுவிசை 5 மில்லிநியூட்டன் இருந்தாலே, இரண்டு வளிமண்டல அளவு அதிக அழுத்தம் இருக்கும். ஆகவே அது ஒரு கடினமான மணியைப் போலத்தான் நடந்துகொள்கிறது, விதி ஓரளவு பொருந்துகிறது. 100 நானோமீட்டர் துளி ஒரு மைக்ரோமீட்டர் கழுத்தைத் தாராளமாகக் கடக்கும். ஷேலின் 50 நானோமீட்டர் கழுத்துக்குள் முழுத் துளியாக நுழையாது. ஷேலில் நானோ எமல்ஷன் வேலை செய்வது பெரும்பாலும் விரிசலின் சுவரிலும் கிணற்றுச் சுவரிலும்தான்.

உள்ளே போய் என்ன செய்கிறது

வயலில் பயன்படும் ஒரு வகைக் கலவையில் உள்ளே இருக்கும் எண்ணெய் ஒரு கரைப்பான். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் கிடைக்கும் லிமோனீன் இதற்குப் பிரபலம். வெளியே அதைப் போர்த்தியிருப்பது சர்ஃபாக்டன்ட், கூடவே கொஞ்சம் ஆல்கஹால். கெட்டியான மூலக் கலவையாகக் கொண்டுவந்து, களத்தில் தண்ணீரில் நீர்க்க விடுவார்கள். பல இடங்களில் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஓரிரு லிட்டர்தான்.

துளி சுவரை அடைந்ததும் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. கரைப்பான், சுவரில் படிந்திருக்கும் அஸ்ஃபால்டீன், ரெசின் படிவுகளை இளக்குகிறது. சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுகள் துளியை விட்டு இறங்கிச் சுவரை நோக்கிப் போகின்றன. கார்பனேட் பாறையில் நேர்மின் சர்ஃபாக்டன்ட் இருந்தால், அது சுவரில் ஒட்டியிருக்கும் எதிர்மின் அமிலத்தோடு ஜோடி சேர்ந்து அதைப் பெயர்த்துக்கொண்டு எண்ணெய்க்குள் போய்விடும். சுவர் சுத்தமாகித் தண்ணீருக்குத் திறக்கும். வேறு வகை சர்ஃபாக்டன்ட்கள் பழைய படிவைப் பெயர்க்காமல், அதன்மேலேயே இரண்டாவது அடுக்காகப் படுத்துக்கொண்டு, தண்ணீரை நாடும் தலையை வெளியே காட்டும். இரண்டிலும் கோணம் மாறும், ஆனால் முதல் வகை மாற்றம் அதிக நாள் நிற்கும். இரண்டாவது அடுக்கு வெறும் ஒட்டுதல்தான், தண்ணீர் ஓட ஓடக் கழுவிப் போகக்கூடியது.

அப்படியென்றால் சர்ஃபாக்டன்ட்டை நேராகவே தண்ணீரில் கரைத்து அனுப்பலாமே, எதற்குத் துளி? நியாயமான கேள்வி. சும்மா அனுப்பினால் கிணற்றை ஒட்டிய முதல் சில அடிகளிலேயே பாறை அதன் பெரும்பகுதியை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பாறைக்குள் உள்பரப்பு அவ்வளவு அதிகம். உள்ளே தூரத்தில் இருக்கும் பாறைக்கு வெறும் தண்ணீர்தான் போய்ச் சேரும். எமல்ஷனில் சர்ஃபாக்டன்ட்டின் பெரும்பகுதி துளியின் பரப்போடு கட்டுண்டு இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுபடும். வழியில் இழப்பு குறைந்து, உள்ளே ஆழம் வரை போகும். நானோ எமல்ஷனின் உண்மையான மதிப்பு இந்தச் சுமந்து செல்லும் வேலையில்தான் என்பது என் கருத்து.

கிணறு தோண்டும்போதே

இதுவரை பேசியது எண்ணெய் எடுக்கும் கட்டம். தோண்டும் கட்டத்திலும் நனைதிறன் தலையிடுகிறது.

துளையிடும்போது கிணற்றுக்குள் சுழலும் திரவத்தைக் களத்தில் மட் என்பார்கள். துரப்பணத் தலையைக் குளிர்விப்பது, உடைந்த கல்லை மேலே கொண்டுவருவது, பாறையின் அழுத்தத்தை அடக்கி வைப்பது எல்லாம் அதன் வேலை. கடினமான கிணறுகளில் எண்ணெய் அடிப்படையிலான மட் பயன்படும். அதில் இருக்கும் கல்துகள்களும் எடையூட்டும் பாரைட்டும் எண்ணெயில் கலந்து நிற்க வேண்டும் என்பதற்காக, எண்ணெய் நனைப்பான்களைச் சேர்த்தே தயாரிக்கிறார்கள். மட்டின் அழுத்தம் பாறையின் அழுத்தத்தைவிடச் சற்று அதிகமாக இருப்பதால், அதிலிருந்து வடியும் திரவம் பாறைக்குள் இறங்கும். கூடவே அந்த நனைப்பான்களும் இறங்கிக் கிணற்றைச் சுற்றியுள்ள பாறையை எண்ணெய் விரும்பியாக மாற்றிவிடும். இறங்கிய திரவம், பாறைக்குள் ஏற்கெனவே இருக்கும் நீரோடு (பாறை நீர்) கலந்து தடித்த எமல்ஷனாகித் துளைகளை அடைப்பதும் உண்டு. எண்ணெய் வர வேண்டிய வாசலே பழுதாகிவிடுகிறது. இதற்குச் சிகிச்சையாக மைக்ரோ, நானோ எமல்ஷன்களைக் கிணற்றுக்குள் நிறுத்திச் சில மணி நேரம் ஊற விடுகிறார்கள். அவை சுவரில் ஃபில்டர் கேக் என்ற பெயரில் படிந்திருக்கும் மட் துகள் படலத்தை இளக்கி, துகள்களையும் பாறையையும் மறுபடி தண்ணீர் விரும்பியாக்குகின்றன.

சிமென்ட் போடும்போதும் இதே கதை. இரும்புக் கேசிங் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் ஊற்றுவார்கள். இரண்டின் மேலும் எண்ணெய்ப் படலம் இருந்தால் சிமென்ட் ஒட்டாது. ஒட்டாத இடம் பின்னாளில் வாயு ஏறி வரும் பாதையாகிவிடும். அதனால் சிமென்ட்டுக்கு முன்னால் ஒரு கழுவு திரவத்தை ஓட விட்டு, இரு பரப்பையும் தண்ணீர் விரும்பியாக்கிக்கொள்வார்கள். நுண்ணிய எமல்ஷன்களுக்கு மிகப் பொருத்தமான இடம் இது.

ஷேலில் மட்டும் தேவை நேர் எதிராகத் திரும்புகிறது. அதன் களிமண் தாதுக்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதும், ஊதினால் கிணற்றுச் சுவர் இடிந்து விழும். எண்ணெய் இல்லாமல் காற்று மட்டும் உள்ள, 10 நானோமீட்டர் ஆரமுள்ள துளை ஒன்று தண்ணீரை உறிஞ்சும் விசை, முழு நனைவில், 140 வளிமண்டலத்தைத் தொடும். அங்கே கோணத்தை 90-க்கு அருகே தள்ளினால் உறிஞ்சுவது ஏறத்தாழ நின்றுபோகும். அதனால் தண்ணீர் அடிப்படையிலான மட்டில், சுவரில் படிந்து அதைத் தண்ணீர் ஒட்டாததாக மாற்றும் நானோ எமல்ஷன்களை உருவாக்கப் பல ஆய்வுக் குழுக்கள் முயல்கின்றன. ஆக, பாறையை எந்தப் பக்கம் மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. எந்தப் பாறை, எந்தக் கட்டம் என்று கேட்டபிறகே சொல்ல முடியும்.

எப்படித் தயாரிக்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள்

ஒரு வழி பலத்தால் உடைப்பது: மீயொலி கொண்டோ, பல நூறு வளிமண்டல அழுத்தத்தில் குறுகிய இடுக்கு வழியே பீய்ச்சியோ. ஆய்வகத்துக்கு நல்லது, டேங்கர் கணக்கில் செய்யச் செலவு பிடிக்கும். மற்றொரு வழி வேதியியலையே வேலை செய்ய விடுவது. சில சர்ஃபாக்டன்ட்கள் சூடானால் எண்ணெய்ப் பக்கமும் குளிர்ந்தால் தண்ணீர்ப் பக்கமும் சாயும். மாறும் வெப்பநிலையில் இழுவிசை மிகக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் கலக்கி உடனே குளிர்வித்தால் மிக நுண்ணிய துளிகள் கிடைக்கும். ஜப்பானின் கோசோ ஷினோடா 1960-களில் இந்த முறையை விளக்கினார். கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் துளிகள் மோதிக் கூடுவது அல்ல. சிறிய துளிகளிலிருந்து மூலக்கூறுகள் தண்ணீரில் கரைந்து பெரிய துளிகளுக்குக் குடிபெயர்வதுதான். தண்ணீரில் சற்றும் கரையாத நீண்ட சங்கிலி எண்ணெயைக் கொஞ்சம் சேர்த்தால் இந்தக் குடிபெயர்வு வெகுவாகக் குறையும்.

சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது உறிஞ்சல் சோதனை. 1959-இல் அமாட் வகுத்த முறையின் ஒரு பகுதி அது. பாறையிலிருந்து உருளையாக வெட்டிய மாதிரியைக் கச்சா எண்ணெயில் ஊற வைத்து, சூட்டில் வாரக்கணக்கில் விட்டுவிடுவார்கள். வயலில் நடந்த முதுமையைச் சுருக்கமாக நடத்திக் காட்டுவதற்காக. அப்புறம் அதை எடுத்து, மேலே அளவுகோடு போட்ட குறுகிய கழுத்துள்ள கண்ணாடிக் கலத்தில் வைத்து உப்பு நீர் ஊற்றுவார்கள். எண்ணெய் விரும்பும் கல் என்றால் நாள்கணக்கில் ஒன்றும் நடக்காது. கல் கறுப்பாக அப்படியே நிற்கும். நீரை எடுத்துவிட்டு நானோ எமல்ஷன் கலந்த நீரை ஊற்றினால், கலவை பொருந்திய நேர்வில், கல்லின் பக்கவாட்டிலும் மேலேயும் சின்னச் சின்ன எண்ணெய் முத்துகள் வியர்த்து வரும். ஒவ்வொன்றும் பெருத்துப் பிய்ந்து மேலே போய்க் கழுத்தில் சேரும். எத்தனை மில்லிலிட்டர் என்று அங்கேயே படித்துவிடலாம். யாரும் தள்ளவில்லை, பம்பு இல்லை. கல் தண்ணீரைக் குடித்து எண்ணெயைத் துப்புகிறது. முத்துகள் பக்கவாட்டிலும் வருகின்றனவா, மேல் முகத்தில் மட்டும் வருகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் வந்தால் நுண்புழை விசைதான் தள்ளுகிறது, மேலே மட்டும் வந்தால் இழுவிசை அதிகம் விழுந்து மிதப்பு விசைதான் தள்ளுகிறது என்று பொருள். முன்பு சொன்ன அந்தக் கோணம்–இழுவிசைக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கும் வாய்ப்பு இது.

களத்தில் சிக்கும் இடங்கள்

ஆய்வகத்தில் ஜெயித்த கலவை வயலில் தோற்பதற்குப் பொதுவாக உப்பும் சூடும்தான் காரணம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சில வயல்களின் பாறை நீரில் 200 கிராமையும் தாண்டும். கால்சியமும் மக்னீசியமும் எதிர்மின் சர்ஃபாக்டன்ட்களைக் கட்டியாக வீழ்படியச் செய்துவிடும். மின்சுமையற்ற வகைகள் உப்பைத் தாங்கும், ஆனால் சூடு ஏற ஏறத் தண்ணீரைவிட்டுப் பிரிந்து கலங்கிப் போகும். இரண்டையும் கலந்து சமாளிப்பதே பெரும்பாலும் வழி. கரைப்பான் தேர்விலும் கவனம் வேண்டும். கிணற்றில் இருக்கும் ரப்பர் அடைப்பான்களைச் சில கரைப்பான்கள் ஊத வைத்துவிடும்.

அப்புறம், உள்ளே அனுப்பியது ஒரு பங்காவது மேலே திரும்பி வரும். பாறைக்குள் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் வைத்த அதே சர்ஃபாக்டன்ட், மேலே பிரிப்புத் தொட்டியிலும் அவற்றைப் பிரிய விடாமல் செய்தால் உற்பத்தியே நின்றுபோகும். அதனால் களத்துக்கு அனுப்பும் முன் பாட்டில் சோதனை கட்டாயம். அந்தக் கிணற்றின் கச்சா எண்ணெய், அதே பாறை நீர், திட்டமிட்ட அளவில் நானோ எமல்ஷன் மூன்றையும் ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி, வயலின் வெப்பநிலையில் வைத்துக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே, நடுவில் கூரான கோடு என்று பிரிந்துவிட்டால் கலவை அடுத்த கட்டத்துக்குப் போகும். நடுவில் பழுப்பு நிறப் படலம் தங்கினால், சர்ஃபாக்டன்ட் கலவையை மாற்றி மறுபடி தொடங்குவார்கள்.